வண்டி நிற்கக் கூடாது

இன்னும் ஈரமில்லை. கையை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஈரம் மாதிரித்தான் இருக்கிறது, இல்லை, அது என் வியர்வை, மோந்து பார்த்தால் தெரிந்துவிடும், மோந்தும் பார்த்துவிட்டேன், இவர் முதுகில் தடவின தேங்காய் எண்ணெய் வாடைதான். மறுபடி இவர் இடுப்புக்கு அடியில் கையை நுழைக்கிறேன், மெதுவாக, அசைத்துவிடாமல். ஜன்னலில் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இவ்வளவு நேரம் தாண்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தான், இந்தக் கொஞ்சத்தில்தான் எல்லா நாளும் போகிறது. கைக்கு மேலே நாலாக மடித்த என் பழைய நூல் சேலை, கைக்குக் கீழே ரப்பர் ஷீட்டு, அதற்கும் கீழே மெத்தையை மூடி மாடிவீட்டுக்காரர் பேத்தியின் காதுகுத்து ஃப்ளெக்ஸ். விசேஷம் முடிந்து குப்பையில் போட இருந்ததை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். ஃப்ளெக்ஸில் தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். ரப்பர் ஷீட்டையும் தாண்டி வருவதையெல்லாம் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் கும்பிட்டபடியே நிற்கிறார்கள். இன்றைக்கு ஒரு நாள் நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள் சாமிகளே. வெயில் ஏறுவதற்குள், வீட்டுக்கு வந்து கட்டுப்போடுகிற சகாயமேரி சிஸ்டர் மூத்திர ட்யூப் பையோடு வந்துவிடுவார். முந்தாநாள் இவரைப் புரட்டிப் பின்பக்கத்துப் படுக்கைப்புண்ணைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். “அக்கா, எலும்புக்குக் கிட்டப் போயிருச்சு. நான் மருந்து வச்சுக் கட்டிட்டுப் போறேன், மறுநா வந்து பாத்தா கட்டு ஊறிப் போய்க் கெடக்கு. ஈரத்துல எந்தப் புண்ணு ஆறும்?” ட்யூப் மட்டும் வேண்டாம் சிஸ்டர், இவர் செத்துப்போவார் என்றேன். “ட்யூப்ல யாரும் சாக மாட்டாங்க. புண்ணுலதான் சாவாங்க.” சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் போனவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, திரும்பி நின்றார். “ஒரே ஒரு ராத்திரி. வியாழக்கெழம விடிஞ்சு நான் வர்றப்ப துணி காஞ்சு கெடந்தா, ட்யூப் வேணாம்னு டாக்டர்ட்ட நானே பேசுறேன். நனஞ்சு கெடந்தா போட்டுருவேன். நீங்க காலப் புடிச்சு அழுதாலும் போட்டுருவேன்.” இன்றைக்கு வியாழக்கிழமை.

அந்த ட்யூப்பை நினைக்கக் கூடாது. நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போட்டிருந்தார்கள். வலது பக்கம் மரக்கட்டை மாதிரிக் கிடந்தது, இடது கை மட்டும் கட்டிலைத் துழாவிக்கொண்டே இருந்தது. கியரைத் தேடுகிறார், முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் நான் சொல்லிச் சிரித்தேன், எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ. டீ வாங்கக் கீழே போய்விட்டு வருவதற்குள் அந்தக் கை ட்யூப்பைக் கண்டுபிடித்துவிட்டது. மூத்திரப்பைக்குள்ளே ஊதி வைத்திருந்த பலூனோடு சேர்த்து இழுத்துவிட்டார். வேட்டியெல்லாம் ரத்தம், கட்டில் கம்பியில் ரத்தம். என்னைக் கல்யாணம் பண்ணின நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை, மாமனார் செத்தபோதுகூட பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுவரோரம் நின்றவர். அன்றைக்குக் கோணின வாயோடு கன்றுக்குட்டி மாதிரிக் கத்தினார். வேணாம் வேணாம் வேணாம். அப்போது இவரிடம் மிஞ்சியிருந்ததே மூன்று வார்த்தைதான். வேணாம், ஏ புள்ள, வண்டி. இனிமேல் அதைப் போட விட மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். புரிந்ததோ இல்லையோ, என் புறங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சத்தியம்தான் இப்போது இவர் இடுப்புக்கடியில் மரத்துப்போய்க் கிடக்கிறது. தோள் வலிக்கிறது. இன்னும் ஈரமில்லை. பக்கத்தில் ஸ்டூலில் பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் எனக்கும் கண் சொருகுகிறது, சொருகக் கூடாது, நான் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் போவார், அப்படித்தான் நடக்கும்.

என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். குடித்தால்தானே போவார் என்று என் புத்திக்குப் பட்டது. நாக்கு வெளுத்துப்போய், சொம்பைப் பார்த்துப் பார்த்து உதட்டை நக்கினார், நான் சொம்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். மூத்திரம் பால் ஊற்றாத கட்டன்சாயா நிறத்தில் நாற்றமெடுத்து வந்ததுதான் மிச்சம், அப்பவும் நனைந்தது. சிஸ்டர் கத்தின கத்து மாடிவீடு வரைக்கும் கேட்டது. பேம்பர்ஸ் கட்டினேன். இடது கையால் பிய்த்துப் பஞ்சு பஞ்சாக வீடெல்லாம் இறைத்தார். பாட்டிலைப் பிடித்தேன், தட்டிவிட்டார். ராத்திரி எழுப்பி, கட்டிப்பிடித்துத் தூக்கி, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, அடியில் தகரப் பேசினை வைத்துவிட்டு நின்றேன். பகலில் வாசல் பக்கம் அதே நாற்காலியில் சமத்தாகப் போகிற மனுஷன். ராத்திரி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். போங்க என்பேன். தலையை ஆட்டுவார். ஏங்க, போய்த் தொலைங்களேன் என்பேன். வண்டி என்பார். எந்த வண்டிங்க, இந்த நேரத்தில் ஆட்டோவுக்கு எங்கே போவேன், எங்கே போகணும் உங்களுக்கு? வண்டி, வண்டி என்பார், எனக்குப் புத்தியில்லாத மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு. மறுபடி தூக்கிப் படுக்கவைத்துவிட்டு நான் பாயில் சாய்ந்தால் விடியும்போது குளம். அதுவும் ஒரே தடவையில் முடியாது. பாதி போய், நான் துடைத்துத் துணி மாற்றிப் படுக்கவைத்ததும் மிச்சம் வரும், மாற்றின துணியும் போச்சு. கொடியில் இடமில்லை. மழை நாளில் அடுப்புப் பக்கம் கட்டிக் காயப்போட்டு, பருப்பு கொதிக்கிற வாடையும் மூத்திர வாடையும் ஒன்றாகக் கலந்து, எனக்குப் பருப்பே இறங்குவதில்லை. ஒருநாள் சேலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது, இவர் போய்விட்டால் படுத்துத் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. யார் நினைத்தது? நான்தான். என் கைதான் பிழிந்துகொண்டிருந்தது. பிழிந்த தண்ணீர் என் கால்மேலேயே ஊற்றியது, நகர்ந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. நேற்றுத் திருப்பூரிலிருந்து மகள் கோகிலா போனில் பேசினாள். “அம்மா, சிஸ்டர் சொல்றதக் கேளு. ட்யூப்பப் போட்டுட்டு நிம்மதியா இரு. நீ தூங்கி எத்தன நாளாச்சு?” தூங்குகிறேன்டி என்றேன். “பொய் சொல்லாத. பேசும்போதே கொட்டாவி விடுற.” உங்கப்பா அழுவாருடி என்றேன். “நீ அழுதா பரவாயில்லையா?” என்றாள். குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை. தண்ணீர் விடியற்காலையில்தான் வரும்.

அந்தத் தண்ணீர்தான், அதுதான் விஷயம். தினமும் இந்த நேரத்துக்கு எழுந்து, விடியற்காலைக் காற்று நெஞ்சில் பட்டால் சளி கட்டும் என்று ஃபேனை அணைத்துவிட்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போவேன். அதுவரைக்கும் கை வைத்துப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். திரும்பி வந்தால் நனைந்திருக்கும். நான் படி இறங்கிப் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் போனது பொறுக்கவில்லை, கட்டிப்போட்ட மாடு மாதிரிக் கிடக்கிறோமே, இவள் மட்டும் காலை வீசிப்போட்டுப் போகிறாளே என்ற ஆத்திரம், அதைத்தான் படுக்கையில் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது. எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் இவர் கட்டிலுக்குக் கீழேயே கிடந்த அன்றைக்கு, வெயில் வந்து என் மூஞ்சியில் அடிக்கிற வரைக்கும் இவர் துணியில் ஒரு சொட்டு இல்லையே. நான் போகவில்லை, அவரும் போகவில்லை. அப்புறம் ஒருவழியாக எழுந்து ஃபேனை அணைத்துக் கஞ்சி வைக்கப் போய்த் திரும்பினால் நனைந்திருந்தது. பார்த்தாயா, நகர்ந்ததும் காட்டிவிட்டார். அதனால் இன்றைக்குக் குழாய்க்குப் போகவில்லை. குடங்கள் காலியாகக் கிடக்கட்டும். கையை அடியில் கொடுத்துக்கொண்டு, நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை பாருங்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் குடம் உரசுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. மாடிவீட்டுத் தங்கமயில் யாரிடமோ, “எங்க ஒச்சம்மாளக் காணோம்?” என்று என்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாள். “புருஷன்காரன் புடிச்சு வச்சிருப்பான், விடு” என்கிறாள் இன்னொருத்தி. சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நான்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன், ஒற்றைக் கையால்.

இருமுகிறார். ஐயோ. ஒரு இருமல், வயிறு குலுங்குகிறது, என் கை கல்லாகிறது. இல்லை, ஈரமில்லை. காற்று குளிர்ந்துவிட்டது, நெஞ்சில் அடிக்கிறது, அதுதான். ஃபேனை நிறுத்தணும். வலது கையை அடியிலேயே விட்டுவிட்டு இடது கையை எட்டி நீட்டுகிறேன், சுவரில் சுவிட்ச் விரலுக்குப் படுகிறது. அப்போது பார்த்துத் தெருமுனையில் பால்வண்டி வந்து நிற்கிறது. டப டப என்று குலுங்கி, ஒரு இழுப்பு இழுத்து, இன்ஜின் அடங்குகிறது. இவர் இடது கால் போர்வைக்குள் மேலே எழும்புகிறது. மெதுவாக எழும்பி, அரையில் நின்று, இறங்குகிறது. அது புரண்டு படுக்கிற கால் இல்லை. அந்தக் காலை எனக்குத் தெரியும். கிளச்சை விடுகிற கால். இவர் இடது கை இடுப்பு வேட்டி முடிச்சைத் தேடிப் போகிறது. அடிவயிறு என் மணிக்கட்டுக்கு மேலே இறுகுகிறது, போச்சு, போச்சு, ஆத்தா, போச்சு என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஃபேன் கடகடக்கிறது. கை முடிச்சை விட்டுவிட்டுப் பழையபடி கட்டிலில் துழாவுகிறது. வயிறு தளர்கிறது. வண்டி, என்கிறார் தூக்கத்தில். சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. கல்யாணமான புதிதில் இவர் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என்னை உட்கார்த்திக் கம்பத்திலிருந்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேனி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, பின்னால் இன்னொரு முதலாளியின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே விரட்டுகிறது. ஆள் ஏற்றும்போதுகூட இன்ஜினை நிறுத்த மாட்டார், நிறுத்தினால் பின்னால் வருகிறவன் முந்திக்கொண்டு வழியில் நிற்கிற டிக்கெட்டையெல்லாம் அள்ளிவிடுவான். மதுரை ஸ்டாண்டில் இன்ஜினை நிறுத்தினதுதான் தெரியும், கதவைத் திறந்து குதித்து, வேட்டிக்காரர் கூட்டத்தில் புகுந்து, சுவருக்குப் பின்னால் ஓடினார். நான் என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டேன். கண்டக்டர் காஜா அண்ணன் பையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “உக்காரு தங்கச்சி. ஓம் புருஷனுக்கு இன்ஜினுக்கும் மூத்திரத்துக்கும் ஒரே சாவி. அத நிறுத்துனாத்தான் இது தொறக்கும். ஓடுற வண்டியில உசுரே போனாலும் ஒரு சொட்டு வராது.” இவர் வேட்டியை உதறிக்கொண்டு திரும்பி வந்தார். “ஏ புள்ள, என்ன சொல்றான் ஒம் பெரியண்ணன்?” “ஒன்னப் பத்தித்தான் மாப்ள பெருமையாச் சொன்னேன். ஒன்னய மாதிரி ஒரு குழாய் எங்க தெருவுல இருந்தா தண்ணியே வீணாகாதுன்னு.” “சில்லறைய ஒழுங்காக் குடுக்கப் பழகுடா மொதல்ல.” எனக்கு வெட்கம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கே போய்க் கிடந்ததோ. அத நிறுத்துனாத்தான் இது தொறக்கும். பகலில் வாசலில் ஃபேன் இல்லை, போகிறார். ராத்திரி நாற்காலியில் ஃபேன் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, ஓடுகிற வண்டியில் எப்படிப் போவேன் என்று மூன்று வார்த்தையில் ஒரு வார்த்தையை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் ஆட்டோ கேட்கிறார் என்றேன். ராத்திரியில் கரண்டு போன நாளெல்லாம் நடுவிலேயே நனைந்ததே. காய்ச்சலில் நான் கிடந்த அன்றைக்கு என்மேல் இரக்கப்படவுமில்லை, மற்ற நாளில் என்மேல் ஆத்திரப்படவுமில்லை. ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். தினமும் விடியற்காலையில் என் கையால் நான்தான் இன்ஜினை அணைத்துவிட்டு, போர்வையையும் இழுத்து மூடிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அழ நேரமில்லை. விரலை சுவிட்சிலிருந்து பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி எடுக்கிறேன். ஃபேன் ஓடட்டும். ஏங்க, எந்திரிங்க. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுக்கிறேன், பேசினை அடியில் தள்ளுகிறேன், தகர விளிம்பு தரையில் கிறீச்சிடுகிறது. இவர் அக்குளில் என் கழுத்தைக் கொடுத்து, முழங்காலால் அந்தச் செத்த காலைத் தடுத்து, ஆத்தா என்று தூக்குகிறேன். கனம். எலும்பாகிப் போனவருக்கு எங்கிருந்து இந்தக் கனம் வருகிறது. புண் உரசிவிடக் கூடாது. உட்கார்ந்துவிட்டார். வேட்டியை ஒதுக்குகிறேன். இடது கை நாற்காலியை இறுக்குகிறது, கண் திறக்கிறது, நேரே பார்க்கிறது, எதிர்ச் சுவரைத்தான், சுவரில் என்ன ரோடு தெரிகிறதோ. வண்டி, என்கிறார். தெரியுதுங்க. இப்பத்தான் தெரியுது எனக்கு. இதோ. கை எட்டவில்லை, காலை அகட்டி, ஒரு கையால் இவர் தோளைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் சுவிட்சை அழுத்துகிறேன். கடகட, கட, கட. இறக்கை தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, நிற்கிறது. சத்தமில்லாத வீடு. குழாயடியில் யாரோ பேசுவது இங்கே வந்து கேட்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. இவர் என்னைப் பார்க்கிறார். நான் தப்பாக நினைத்துவிட்டேனா, இதுவும் இன்னொரு தண்ணீர்ச் சொம்பு மாதிரிதானா, இன்னும் கொஞ்ச நேரத்தில் படுக்கவைத்ததும் எல்லாம் அங்கேதான் போகப்போகிறதா, சிஸ்டர் பையைத் திறந்து கையுறை மாட்டுவது வரைக்கும் மனசில் பார்த்துவிட்டேன். வாய் தானாகப் பேசுகிறது. “ஸ்டாண்டு வந்துருச்சுங்க. மதுரை. எல்லாரும் எறங்கிட்டாங்க.” இடது கால் எழும்பி இறங்குகிறது. பேசினில் முதலில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தகரத்தில் மழை பிடித்த மாதிரி. நான் இவர் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன், முடியில் எண்ணெய்ப் பிசுக்கு, என் மூக்கிலிருந்து அதில் வடிகிறது. போதும் என்று நினைத்த பிறகும் வருகிறது. நின்றது. ஆனால் இது பாதிதான். இவருக்கு மிச்சம் படுத்த பிறகுதான் வரும், எல்லா நாளும் அப்படித்தான். வண்டியைக் கிளப்பணும், உடனே கிளப்பணும். துடைக்கிறேன், தூக்குகிறேன், காய்ந்த சேலையின்மேல் ஒருக்களித்துக் கிடத்துகிறேன், எட்டி சுவிட்சைப் போடுகிறேன். ஃபேன் சுற்றவில்லை. அணைத்துப் போடுகிறேன். மறுபடி போடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிச் சொருகுகிறேன். தெருவிளக்கைப் பார்க்கிறேன், அதுவும் இல்லை. கரண்டு போய்விட்டது. இந்த நேரத்திலா. இவர் கை வேட்டி முடிச்சைத் தேடுகிறது. கால் எழும்புகிறது. வேண்டாங்க, இறங்காதீங்க, பின்னாடி வண்டி வருது, என்ன செய்வேன், கால் பாதியில் நிற்கிறது, வாயைக் குவித்து உதட்டைத் துடிக்கவிட்டு ட்ர்ர்ர்ர் என்கிறேன். சின்னப் பிள்ளைகள் டயர் ஓட்டுகிற மாதிரி. எச்சில் தெறிக்கிறது. ட்ர்ர்ர்ர், ட்ர்ர்ர்ர், மூச்சு முட்டுகிறது, மூக்கால் இழுத்துக்கொண்டு மறுபடி. இவர் காதோடு வாயை வைத்துக்கொண்டு ட்ர்ர்ர்ர். கால் இறங்குகிறது. கை முடிச்சை விட்டுவிட்டுக் கட்டிலைத் தடவி, என் முழங்கையைக் கண்டுபிடித்து, பிடித்து, ஒரு தட்டுத் தட்டி முன்னால் தள்ளுகிறது, கியர் விழுந்துவிட்டது. நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. உதடு ஓடுகிறது எனக்கு, தாடை வலிக்கிறது, ஆண்டிபட்டி தாண்டியிருக்குமா, வெளியே வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. படியில் செருப்புச் சத்தம். “அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே சகாயமேரி சிஸ்டர் வாசலில் வந்து பையோடு நிற்கிறார். ஒருத்தி விடிகாலையில் கட்டிலில் குனிந்து புருஷன் காதில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறார். “என்னக்கா, என்னாச்சு? அக்கா?” பதில் சொல்ல முடியாது. சொன்னால் வண்டி நின்றுவிடும். ட்ர்ர்ர்ர் என்றபடியே, முழங்கையை இவரிடம் விட்டுவிட்டு மறுகையை நீட்டி, வாங்க, வந்து துணியைத் தொட்டுப் பாருங்க என்று காட்டுகிறேன்.